நடிக்க மாட்டேன்

"இன்னிக்கும் நடிச்சீங்கன்னா கேஸையே விட்டுடுவேன்" என்று விசாரணை அறை வாசலிலேயே கறாராகச் சொன்னார் அந்தப் பெண் வக்கீல். ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கான கடைசி மேல்முறையீடு அது.

கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். "சத்தியமா நடிக்க மாட்டேம்மா."

"போன ரெண்டு தடவையும் இதையேதான் சொன்னீங்க" என்று பொருமினாள் மனைவி.

உள்ளே, குமாஸ்தாக்களும் காத்திருந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அதிகாரி கோப்பைப் புரட்டினார். "சாரத்துல இருந்து விழுந்தீங்களே, இப்ப எப்படி இருக்கு?"

கொத்தனார் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். கம்பி வைத்த முதுகை நிமிர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கென்னங்க? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே, வக்கீலும் மனைவியும்தான் அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

"அத்தனை பேர் முன்னாடி, முடியலன்னு எப்படிம்மா சொல்றது?" என்று அப்போதுதான் அழுதார் கொத்தனார்.