பதினோராவது தண்டு

முப்பத்தாறாவது தண்டையும் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தேன்.

கடைக்காரர் பெருமூச்சு விட்டபடி இன்னொரு கட்டை அவிழ்த்து மேசையில் பரப்பினார். பென்சில் பருமனில், ஒரு கை நீளத்தில், சீவி உருட்டிய வெளிர்நிற மரத் தண்டுகள். முனையில் இரும்பும் வாலில் இறகும் வைத்தால் அம்பு.

"சார், குத்தம் கண்டுபிடிக்கிறதுல என் மாமியாரையே தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க," என்றார்.

முக்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்ததை எடுத்துக் கண்ணாடிப் பலகையில் உருட்டினேன். டக் டக்கென்று தட்டிக்கொண்டு போனால் கோணல். கோணல்கூடப் பரவாயில்லை, அனலில் காட்டி நிமிர்த்திவிடலாம். என் பயமெல்லாம் ரேகையைப் பற்றித்தான். மரத்தின் ரேகை இந்த முனையில் தொடங்கி அந்த முனைவரை விலகாமல் ஓட வேண்டும். பாதி வழியில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் முறியும்.

முறிந்தது. ஏழு வாரத்துக்கு முன்னால், பயிற்சித் திடலில், என் மனைவிக்கு நான் செய்து கொடுத்த அம்பு.

அவள் நாணை விட்ட அதே நொடியில் நடுவில் உடைந்து, பின்பாதி வில்லைப் பிடித்திருந்த அவளுடைய இடது உள்ளங்கையில் புகுந்து புறங்கை வழியாக எட்டிப் பார்த்தது. அவள் கத்தவில்லை. கத்தியது நான்.

நான் பல் செட் செய்பவன். தலைமயிர் அளவு பிசகினாலும் வாயில் உறுத்தும் என்பதால், பிசகு என் கண்ணுக்குத் தப்பாது என்று ஒரு மிதப்பு இருந்தது. அந்த ஒரு தண்டில் எப்படிக் கோட்டை விட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. படுத்தால் அந்தச் சத்தம் கேட்கிறது. பக்கத்தில் அவள் நிம்மதியாகக் குறட்டை விடுகிறாள்.

தையல் பிரித்தபோது டாக்டர் கேட்டதற்கு, "வலியே இல்ல டாக்டர்," என்று கையை விரித்து விரித்துக் காட்டினாள். டாக்டருக்குத் திருப்தி. எனக்கு அதைவிட.

வரும் ஞாயிற்றுக்கிழமை வில்வித்தை அணித் தேர்வு. மர வில், மர அம்பு மட்டும் அனுமதிக்கப்படும் பிரிவு. பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டே மூன்று வருடமாக முயல்கிறாள். மூன்று முறையும் ஒரே ஒரு இட வித்தியாசத்தில் நழுவியது. இந்த வருடம் வேண்டாமே என்று நானும் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு தண்டு வேண்டும். எல்லாம் ஒரே எடை, ஒரே விறைப்பு. மேசையில் அடித்திருந்த இரண்டு ஆணிகளுக்கு நடுவே தண்டைக் கிடத்தி, எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று பார்த்தேன். கடைவாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரேகையைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் தேறியது பத்து.

"குடுங்க, மிச்சம் ரெண்ட நான் எடுக்கிறேன். உங்கள விட்டா இங்கயே குடி வந்துடுவீங்க," என்று எழுந்து வந்தாள்.

ஒரு தண்டை எடுத்து, வலக்கையால் உருட்டிக்கொண்டே, இடது சுட்டுவிரலை அதன் மேல் ஓட்டினாள். பேச்செல்லாம் கடைக்காரரிடம். அவளுடைய வகுப்பில் ஒரு பெண், கப்பலில் போகிறவர்கள் கவனமாக இருக்காவிட்டால் பூமத்திய ரேகை தடுக்கிவிடும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறாளாம். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது வழவழன்னு நல்லா இருக்கு. வெச்சுக்கலாம்," என்று தண்டை என்னிடம் நீட்டினாள்.

வெளிர் மரத்தின் மேல் சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது.

அவள் சுட்டுவிரலைப் பார்த்தேன். நக நீளத்துக்கு ஒரு மரச் சிலாம்பு ஏறி நின்றது. அந்த விரலோடுதான் அடுத்த தண்டை எடுக்கப் போனாள்.

கையைப் பிடித்து இழுத்தேன். சிலாம்பைப் பிடுங்கினேன். நான் நினைத்ததைவிட நீளமாக வந்தது. அவளோ பூமத்திய ரேகைக்கு எத்தனை மார்க் போட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் குனிந்து விரலைப் பார்த்தாள். சட்டென்று கையை மூடிக்கொண்டாள்.

கடைக்காரர் துணி எடுத்துவர உள்ளே போனார்.

"எப்போலேருந்து?" என்றேன்.

"ஒரே ஒரு விரல்தாங்க மரத்துப் போயிருக்கு. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை முடியிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

மூடிய கையை மெல்ல விரித்தேன். கண்ணை மூடு என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி இறுக்கி மூடிக்கொண்டாள்.

அவள் நடுவிரல் நுனியில் என் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். தடம் விழும்வரை அழுத்தினேன்.

அவள் காத்திருந்தாள்.

"ம், தொடுங்க," என்றாள்.