ஓகே ஆகாத சிவப்பு

"சிவப்பு சரியில்ல, தப்ரேஸ். மாத்திட்டுக் கொண்டு வா."

டீம் லீடர் ராஜகுமாரி லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

தப்ரேஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தாநாள் பட்டன் சரியில்லை. நேற்று சக்கரம் சுற்றுவது சரியில்லை. இன்றைக்குச் சிவப்பு.

வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியின் வெப்சைட் அது. அந்தக் கார் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வந்தால் முதல் பள்ளத்திலேயே வயிறு தட்டி நின்றுவிடும். ஆனாலும் அதற்கு வெப்சைட் டிசைன் செய்வது என்னவோ இங்கே இரண்டாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் தப்ரேஸ்தான்.

"இன்னா மச்சான், மறுபடியும் ரிட்டனா?" பக்கத்து சீட் விஷால் எட்டிப் பார்த்தான். "கிளையன்ட்டே சூப்பர்னு சொல்லிட்டான். இந்தம்மா மட்டும் குந்திகினு நொட்டை சொல்லிகினு கீது. லேட்டாச்சுன்னா உன் சீட்டுதான் கிழியும், பாத்துக்க."

அந்தப் பயம்தான் தப்ரேஸின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. மனைவி அஃப்ஷீனுக்கு நிறைமாதம். இந்த நேரத்தில் வேலை போனால்?

போதாக்குறைக்கு மேனேஜர் இராமகிருஷ்ணன் ராஜகுமாரி மேடத்தை அறைக்குள் கூப்பிட்டுக் கத்தியது வெளியே வரை கேட்டது.

"இன்னும் என்னம்மா லேட்டு?"

"டிசைன்ல கொஞ்சம் வேலை பாக்கி சார்."

டிசைன் என்றால் தப்ரேஸ்தானே! நைசாகத் தன்னை மாட்டிவிடுகிறார் என்று நினைத்தான்.

போன் அடித்தது. பூந்தமல்லியிலிருந்து மாமியார் அஷ்ரஃபுன்னிசா.

"மாப்ள, அஃப்ஷீனுக்கு வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரியில சேத்துட்டோம். உடனே ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க. நீங்க வந்து கையெழுத்துப் போடணுமாம். சீக்கிரம் வாங்க!"

மேடத்திடம் ஓடினான்.

"மேடம், நான் கிளம்பணும். இதை மட்டும் ஓகே பண்ணி அனுப்பிடுங்க. லேட்டுன்னு என் வேலை போச்சுன்னா, இந்த நேரத்துல நான் எங்க போவேன்?"

"நீ கிளம்பு. சைட் இப்ப போகாது."

"கிளையன்ட்டே ஓகே சொன்ன பிறகும் ஏன் மேடம்?"

"எனக்கு ஓகே இல்ல. வண்டியப் பாத்து ஓட்டு."

பிள்ளை பெறப் போகிறவளை நினைத்தாவது இரங்கக் கூடாதா? இவரெல்லாம் ஒரு மனுஷியா? வானகரம் சிக்னலில் நின்றபோதுகூட ஹெல்மெட்டுக்குள் திட்டித் தீர்த்தான்.

பெண் குழந்தை. மூச்சு சீராக இல்லை என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அந்த நாட்களில் தப்ரேஸ் சோறு தண்ணி மறந்து வராந்தாவிலேயே கிடந்தான். கடைசியில் குழந்தை தேறிவிட்டது.

டிஸ்சார்ஜ் அன்று பில்லைப் பார்த்ததும் தலை சுற்றியது.

"பயப்படாதீங்க சார். உங்க கம்பெனி இன்சூரன்ஸ்ல எல்லாமே பாஸாயிடுச்சு" என்றாள் கவுன்ட்டர் பெண்.

மாமியார் வீட்டுக்கு வந்து குழந்தையைத் தொட்டிலில் போட்டதும் மேடத்திடமிருந்து போன். இன்னும் என்ன குறை கண்டுபிடித்தாரோ?

"வீட்டுக்கு வந்தாச்சா? இன்சூரன்ஸ் பாஸாச்சா?"

"எல்லாம் ஆச்சு மேடம். நாளைக்கே வந்து அந்தச் சிவப்பை மாத்திடறேன்."

"அதுல ஒரு குறையும் இல்லப்பா. சைட் எப்பவோ ரெடி." அவர் குரல் தயங்கியது. "சைட் போன அன்னிக்கே நம்ம டீமைக் கலைச்சு, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பறதா முடிவு பண்ணிட்டாங்க. எங்கிட்ட மட்டும் சொன்னாங்க. வேலை போனா இன்சூரன்ஸும் போயிடும் இல்லையா? அதான் குழந்தை வீட்டுக்கு வர்ற வரைக்கும் இழுத்துப் புடிச்சேன்."

தப்ரேஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"இப்பதான் சைட்டை அனுப்பினேன். நாளைலேருந்து வேலை தேட ஆரம்பி. எங்கயாவது எனக்கும் இருந்தா சொல்லுப்பா."