காரணம் எழுதும் வேலை

எதிரி விமானங்களைத் தொலைவிலேயே கண்டுபிடிக்கும் ரேடாரை எந்த விமானத்தில் பொருத்துவது என்று எங்கள் அலுவலகத்தின் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் தேர்ந்தெடுக்கும். அதற்கான காரணத்தை நான் எழுத வேண்டும். எங்கள் குடும்பத்தின் முதல் இன்ஜினியரான எனக்குக் கிடைத்த வேலை இது.

இன்று அந்த இயந்திரம் புது விமானங்களை விட்டுவிட்டு, முப்பது வருடம் பயணிகளை ஏற்றிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேலதிகாரி, "புரிஞ்சு என்ன பண்ணப் போற? எழுதும்மா," என்றார். 'உறுதியான உடல்' என்று எழுதித் தொலைத்தேன்.

மாலையில், அந்த விமானத்தை ஓட்டப்போகிற ஜெபக்கனி நான் எழுதியதைப் படித்துவிட்டு வந்து, "நிஜமாவே உறுதியாங்க?" என்று கேட்டாள். இயந்திரத்திடமே கேட்டேன். நான் எழுதியதையே ஆதாரமாகக் காட்டியது.

"எனக்குத் தெரியாதுங்க. சும்மா எழுதினேன்," என்றேன்.

அவள் சிரித்தாள். "இன்ஜினியர் நீங்க, தெரியாமலா எழுதுவீங்க?" என்று சொல்லிவிட்டு, தைரியமாக விமானத்தை நோக்கி நடந்தாள்.