டார்ச் சொன்ன தீர்ப்பு

"அப்பா சேர்த்து வெச்ச கிரிக்கெட் கார்டை உன் வீட்டுக்காரர் வித்துட்டு, போலியை வெச்சிருக்கார்!"

"வாய்க்கு வந்ததைப் பேசாதே, அண்ணா! அவர் போய்…"

"பழைய கார்டு பார்க்கிறதே என் தொழில். புற ஊதா டார்ச் அடிச்சா எப்படி நீலமா மின்னுது பாரு! அந்தக் காலத்து அட்டை மின்னவே மின்னாது. புதுசா அச்சடிச்சது!"

தங்கையின் கணவர் கார்டை வாங்கக் கை நீட்டினார்.

"போலிக்கு பிளாஸ்டிக் கவர் ஒண்ணுதான் கேடு!"

அண்ணன் கார்டை வெடுக்கென்று உருவி இரண்டாகக் கிழித்தெறிந்தார். மேசையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் துண்டுகள் மங்கலாகவே கிடந்தன. அவர் கையிலிருந்த காலிக் கவர்தான் நீலமாக மின்னியது.

தங்கையின் கணவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்.

"அழுக்குப் படக்கூடாதேன்னு அந்தக் கவரை நேத்துதான் வாங்கிப் போட்டேன், மச்சான்."