மருமகளின் பிரமை

"ஷாக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு துணியை எடுத்துப் போட உடம்பு வளையல. அதுக்கு ஒரு கதை" என்று எலக்ட்ரீஷியனை வாசலிலேயே வரவேற்றார் மாமனார்.

மருமகள் எலக்ட்ரீஷியனை உள்ளே கூட்டிப்போனாள். முந்தின நாள் வாஷிங் மெஷின் அவளைத் தூக்கியடித்திருந்தது. வலது கை இன்னும் மரத்துப்போய்க் கிடந்தது.

நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் மாமனார் வந்து மெஷின்மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டுவார். எப்போதாவது அடிக்கிற ஷாக், அவர் கை வைக்கும்போது அடிக்காது. பிரமை என்று தீர்ப்பு வந்துவிடும். அப்பாவுக்குத் தெரியாததா என்று கணவனும் நழுவிவிடுவான். இந்த முறை யாரையும் கேட்காமல் அவளே ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

அந்த வீட்டு வயரிங் முழுக்க மாமனாரின் கைவண்ணம். ஆபீசில் ஃபைல் புரட்டிய கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்ற நினைப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு ஒயர்.

எலக்ட்ரீஷியன் பிளக் பெட்டியைக் கழற்றி டெஸ்டரை வைத்தார். கரண்டு வருகிற இடம் எரிந்து காட்டியது. மற்ற இரண்டில் டெஸ்டர் எரியவில்லை. கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரல் எது, ஷாக்கை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த் எது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தால் கண்ணை வைத்தும் சொல்ல முடியாது. பையிலிருந்து ஒயர் மாட்டிய பல்பு ஒன்றை எடுத்தார்.

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் ஸ்குரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான் என்று ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.

கரண்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பல்பு எரிந்தது. கரண்டுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் எரிந்தது.

"ரெண்டும் எரியுதா? எர்த் பக்காவா இருக்கு. இப்பவாவது நம்புவாளா உன் மருமக?" என்று மனைவியிடம் கேட்டார் மாமனார். ஏதோ மனைவி மட்டும் கொண்டுவந்த மருமகள் மாதிரி.

எலக்ட்ரீஷியன் போய் மெயினில் நியூட்ரலை மட்டும் கழற்றிவிட்டு வந்தார். மறுபடியும் பல்பை வைத்தார். இப்போது இரண்டுமே எரியவில்லை.

"நிஜ எர்த்தா இருந்தா இப்பவும் எரியணும் சார். எர்த்தே இல்ல. நியூட்ரல்லேர்ந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் துளைல மாட்டியிருக்கு. நியூட்ரல் கொஞ்சம் லூசானா போதும், கரண்டு நேரா மெஷின் உடம்புக்கு வந்துடும். இவங்க உசுரோட இருக்கறதே பெரிசு."

மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்தில் இல்லை. நாலு மாதத்தில் முதல்முறையாக ஒரு ஆள் அவளை நம்பியிருக்கிறார்.

மாமனார் அசரவில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், இத்தனை வருஷம் யார் செத்துவிட்டார்கள் என்று கேட்டார்.

புதிதாக எர்த் போட இடம் பார்க்க எலக்ட்ரீஷியன் கொல்லைப்பக்கம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"பின்னாடி ஏற்கெனவே எர்த் குழாய் இறக்கியிருக்கே சார். பச்சை ஒயர்கூடப் புதுசா இருக்கு. ஜன்னல் வழியா ஏதோ ஒரு ரூமுக்கு மட்டும் போகுதே?"

மாமனாருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. மாமியார்தான் பெருமையாகச் சொன்னாள்.

"அது எங்க ரூம் வெந்நீர் ஹீட்டருக்கு. நாலு மாசத்துக்கு முன்னாடி, இவ மொதமொதல்ல ஷாக் அடிக்குதுன்னு சொன்னா பாருங்க, அதுக்கு மறுநாளே இவரு உக்காந்து போட்டுக்கிட்டாரு."