இரண்டாவது கையெழுத்து

அமெரிக்காவின் டுலூத் நகரில் பதினைந்து மாத விரைவு நர்சிங் படிப்பை அன்னிகாவும் கொரினும் ஒரே மேசையில் படித்து முடித்தார்கள். ஊர் ஆஸ்பத்திரியின் நெடுநாள் நோயாளிகள் வார்டில் வேலை கேட்கக் கிளம்பினாள் அன்னிகா. "அந்த வார்டுல ஆள் எடுக்கலடி, வீணா அலையாத" என்ற கொரின், மறுவாரமே அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு மாதம் கழித்துத்தான் அன்னிகாவுக்கு அங்கே இடம் கிடைத்தது.

முதல் நாளே, நெடுநாள் நோயாளி ஹால்வர்சனின் படுக்கையருகே தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டாள். போன வாரம் அவருக்கு இன்சுலின் அளவு தப்பியிருந்தது. ஊசி போட்டவள் கொரின். அளவைச் சரிபார்த்த இரண்டாவது நர்ஸாக ஏட்டில் இருந்தது அன்னிகாவின் கையெழுத்து.

"போன வாரம் நான் இங்க இல்லவே இல்லியே!"

"பொய் சொல்லாதடி, பக்கத்துலதான நின்ன?" என்றாள் கொரின்.

ஹால்வர்சன் அன்னிகாவின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுதாங்க. தெனமும் வருவா. இன்னிக்குத்தான் கை சூடா இருக்கு."