கண்ணாடி பீரோ சங்கம்

ஒரு கல்லூரி நூலகத்தில் கண்ணாடி பீரோ ஒன்று இருந்தது. அதற்குள் இருந்த புத்தகங்கள் தங்களை மேதைகள் சங்கம் என்று சொல்லிக்கொண்டன. மாணவர்கள் கையில் அதிகம் புழங்கிய புத்தகத்துக்குத்தான் அங்கே இடம்.

தாவரவியல் புத்தகம் அந்த இடத்துக்காக மாடாய் உழைத்தது. பேருந்துக் கூட்டத்தில் கசங்கியது. விடுதி மெஸ்ஸில் சாம்பார் தெறிக்கத் தெறிக்கத் திறந்தே கிடந்தது. தேர்வுக்கு முந்தின நாள் ஒரு மாணவி அதன்மேல் கவிழ்ந்து அழுதாள், பாஸும் ஆனாள். கடைசியில் நூலகர் அதற்குப் புது அட்டை போட்டு, பீரோவில் நிறுத்திப் பூட்டினார்.

"வாழ்த்துகள் தம்பி," என்றது பக்கத்திலிருந்த அகராதி.

"நன்றிண்ணே. பசங்க எப்ப வருவாங்க?"

"பசங்களா? இது மரியாதையான இடம்ப்பா. இங்க யாரும் நம்மளத் தொட முடியாது."

தாவரவியலுக்குப் புது அட்டை இறுக்கியது. "அப்ப சங்கத்துல என்னதான் பண்றீங்க?"

"நிக்கிறோம்," என்றது அகராதி.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் தன் பக்கங்களுக்குள் யாரோ நகர்வதைத் தாவரவியல் உணர்ந்தது. யாரோ படிக்க வந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டது. பார்த்தால், காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி.

தாவரவியல் சற்று நேரம் யோசித்தது.

"எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்று கேட்டது.

"இப்பதான் வேர்ப் பாடம் முடிச்சேன்," என்றது பூச்சி, வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு.

"அடுத்தது தண்டு. அது இன்னும் நல்லா இருக்கும்," என்றது தாவரவியல். "அவசரமில்ல, நிதானமாவே படிங்க."